புராஸ்டேட் புற்றுநோயும் தள்ளிப்போன ஸ்கேன் தேதியும்: ஒரு திறந்த மடல்

சேலம், நாமக்கல் பகுதியின் அரசு மருத்துவச் சேவைக்குப் பொறுப்பேற்றுள்ள உயர் அலுவலர் அவர்களுக்கு,

புராஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்த சுரப்பி. அதில் தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் மெதுவாகவே வளரும். அதனால் நோயாளியைப் பல ஆண்டுகள் விடாமல் பின்தொடர வேண்டியிருக்கிறது. அதற்கு மருத்துவர்கள் முக்கியமாக நம்புவது பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையையும், உடலுக்குள் பார்க்கும் படங்களையும்தான். நோய் கூடுகிறதா, குறைகிறதா என்பதை ரத்தம் ஓரளவு சொல்லிவிடும். எங்கே இருக்கிறது என்பதைப் படம்தான் சொல்ல வேண்டும். அதுவும் ஒரே ஒரு படத்தால் ஆகாது. போன முறை எடுத்ததையும் இந்த முறை எடுத்ததையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் அது கண்காணிப்பு. அந்த ஒப்பீடு நடக்காமல் போனதால்தான் இந்த மடல் எழுதப்படுகிறது.

நோய் சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருக்கும் கட்டத்தில் எம்.ஆர்.ஐ. படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆபத்து குறைந்த கட்டியை உடனே வெட்டி எடுக்காமல் கவனித்து வரலாம் என்பது இன்று ஏற்கப்பட்ட முறை. பிரிட்டனில் 1,643 ஆண்களை அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என்று பிரித்துப் பின்தொடர்ந்த ஆய்வின் 15 ஆண்டு முடிவு 2023இல் வெளிவந்தது. அவர்களில் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் 2.7 சதவீதம். மூன்று பிரிவுகளுக்கும் இதில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் அங்கே கவனிப்பு என்பது உண்மையான கவனிப்பாக இருந்தது. குறித்த காலத்தில் பரிசோதனை நடந்தது, மாற்றம் தெரிந்தபோது சிகிச்சையும் மாறியது.

அறுவைக்கோ கதிர்வீச்சுக்கோ பிறகு பி.எஸ்.ஏ. மீண்டும் ஏறினால் கேள்வி கடினமாகிறது. அப்படி ஏறத் தொடங்கும் அளவில் சி.டி. ஸ்கேனில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் வந்த பிறகே இந்த இருட்டு விலகியது. புராஸ்டேட் புற்றணுக்களின் மேற்பரப்பில் மிகுந்திருக்கும் ஒரு புரதத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளும் மருந்தில் கதிரியக்கத் தனிமம் ஒன்றை இணைத்துச் சிரையில் செலுத்துகிறார்கள். மருந்து சேர்ந்த இடம் படத்தில் ஒளிர்கிறது. 2020இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று, புதிதாக நோய் கண்டறியப்பட்டு ஆபத்து மிகுந்த நிலையில் இருந்தவர்களிடம் இந்த ஸ்கேனைச் சோதித்தது. இதன் துல்லியம் 92 சதவீதம், பழைய முறையில் சி.டி.யும் எலும்பு ஸ்கேனும் சேர்ந்து தந்தது 65 சதவீதம். ஆனால் இதில் பயன்படும் காலியம்-68 தனிமத்தின் அரை ஆயுள் 68 நிமிடம்தான். ஃபுளோரின்-18 என்றால் 110 நிமிடம். மூன்று மணி நேரம் சாலையில் வந்தால் ஃபுளோரினிலேயே மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆகவே மருந்து ஊர் தேடி வருவது எளிதல்ல, நோயாளிதான் ஊர் விட்டுப் போக வேண்டும். 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் தொடங்கிய புற்றுநோய் நிலையத்துக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் உட்கார்ந்து போன குடும்பங்கள் இந்தப் பக்கம் உண்டு. கூலி வேலை செய்கிறவர் அப்படி எத்தனை முறை போக முடியும்?

அதனால் இங்கே பெரும்பாலோர்க்கு எட்டுவது எலும்பு ஸ்கேன்தான். புராஸ்டேட் புற்றுநோய் எலும்பை நாடும், அதிலும் இடுப்பையும் முதுகெலும்பையும் நாடும். இடுப்புப் பகுதியிலிருந்து முதுகெலும்பைச் சுற்றி ஏறும் சிரைகளில் வால்வு இல்லை என்பதை 1940இல் ஆஸ்கர் பேட்சன் விளக்கிக் காட்டினார். புற்றணு அந்த வழியே ஏறிப்போகிறது என்பது அதற்கான விளக்கங்களில் ஒன்று. எலும்பு ஸ்கேனுக்கான டெக்னீசியம்-99எம் தனிமத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம். அதன் தாய்த் தனிமமான மாலிப்டினத்துக்கு 66 மணி நேரம். ஆகையால் மாலிப்டினம் அடங்கிய ஒரு கலத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பால் கறப்பதுபோல அன்றன்றைக்கு வேண்டிய டெக்னீசியத்தை எடுத்துக்கொள்ள முடிகிறது.

இந்த ஸ்கேனைப் படிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஹார்மோனை அடக்கும் சிகிச்சை தொடங்கி இரண்டு மூன்று மாதத்தில் ஸ்கேன் எடுத்தால் சிலருக்கு நோய் கூடிவிட்டதுபோலத் தெரியும். உண்மையில் அங்கே எலும்பு ஆறிக்கொண்டிருக்கும். ஆறும் எலும்பு புதிதாக வளர்வதால் மருந்தை அதிகமாக உறிஞ்சும், முன்பு கண்ணுக்குப் படாத புள்ளிகூட இப்போது ஒளிரும். இந்தத் தோற்றத்தை நம்பி, வேலை செய்துகொண்டிருக்கும் மருந்தை நிறுத்திவிட்டால் நோயாளிக்குத்தான் இழப்பு. எனவேதான் முதல் ஸ்கேனில் தோன்றும் புதுப் புள்ளிகளை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது, அடுத்த ஸ்கேனிலும் மேலும் புள்ளிகள் சேர்ந்தால்தான் நோய் முன்னேறியதாகக் கொள்ள வேண்டும் என்று 2008இல் சர்வதேச நிபுணர் குழு ஒன்று வகுத்தது. பழைய படம் கையில் இல்லாதவர் இந்த வேறுபாட்டைக் காணவே முடியாது.

கடைசிக் கட்டம் முதுகுத்தண்டு. புற்று பரவிய முள்ளெலும்பு நொறுங்கியோ வீங்கியோ தண்டுவடத்தை நெருக்கினால் முதலில் முதுகு வலிக்கும், பிறகு கால் தளரும், அதன் பிறகு சிறுநீர் நின்றுபோகும். கால் தளர்ந்த அன்றே முதுகெலும்பு முழுவதையும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். டெக்ஸாமெத்தசோன் உடனே தொடங்க வேண்டும், கதிர்வீச்சோ அறுவையோ தாமதமில்லாமல் தர வேண்டும். நடக்க முடிகிற நிலையில் சிகிச்சை தொடங்கியவர்களில் பெரும்பாலோர் பிறகும் நடக்கிறார்கள். இரண்டு காலும் செயலிழந்த பிறகு தொடங்கினால் எழுந்து நடப்பவர் மிகச் சிலரே. இது தங்கள் துறையில் எவருக்கும் தெரியாத செய்தி அல்ல.

இந்த மடலுக்குக் காரணமானவர் காவிரிக் கரையில் விசைத்தறி ஓட்டிய ஒரு தொழிலாளி, வயது அறுபதைத் தாண்டியவர். அவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் எலும்பில் பரவியிருந்தது, விதை அகற்றும் அறுவை முடிந்து மாத்திரை எடுத்து வந்தார். முந்தைய ஆண்டு வெளியூரில் எடுத்த எலும்பு ஸ்கேன் அறிக்கையில், மார்புப் பகுதியின் பத்தாவது முள்ளெலும்பில் ஒரு புள்ளி இருப்பதாகவும் அதைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. அந்த ஸ்கேனின் குறுந்தகடு பிளாஸ்டிக் உறையில் அவர் பையிலேயே இருந்தது. அரசு மருத்துவமனை வார்டுக் கணினியில் அது திறக்கவில்லை. வேறு கணினியில் எவரும் முயலவில்லை. முதுகு வலிக்கிறது என்று வந்தபோது பி.எஸ்.ஏ. குறைவாகத்தானே இருக்கிறது என்று வலி மாத்திரை தரப்பட்டது. பி.எஸ்.ஏ. ஏறாமலே சிலருக்கு நோய் பரவும். பேருந்துப் படியில் கால் மடங்குகிறது என்று அவர் மறுபடி வந்து சொன்னபோது எம்.ஆர்.ஐ. எழுதினார்கள். கொடுத்த தேதி மூன்று வாரம் தள்ளி. அவசரம் என்று சீட்டில் யாரும் எழுதவில்லை. இடையில் கால் இன்னும் தளர்ந்து ஓர் இரவு அவசரப் பிரிவுக்கு வந்தவரை, காலையில் வெளிநோயாளர் சீட்டு போட்டு வரச் சொல்லி அனுப்பினார்கள். ஸ்கேன் நாளன்று அவரை மகன் தூக்கிக்கொண்டு வந்தார். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தது. படத்தில் தண்டுவடம் நசுங்கியிருந்த இடம் அதே பத்தாவது முள்ளெலும்பு. அறிக்கை கைக்கு வர மேலும் நான்கு நாள் ஆயிற்று.

அவருடைய மருத்துவக் கோப்பு முழுவதும் நகலெடுத்து மனுநாளில் கொடுக்கப்பட்டது. ரசீது கிடைத்தது. பிறகு நினைவூட்டல் கடிதம் போனது, மனு உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்ற ஒரு வரி வந்தது. அந்த உரிய பிரிவு எது, அதில் கோப்பைத் திறந்தவர் யார் என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை.

இங்கே இயந்திரம் இல்லை என்று சொல்ல முடியாது. எம்.ஆர்.ஐ. இருந்தது, அது ஓடிக்கொண்டும் இருந்தது. அந்த மூன்று வாரத்தில் தலைவலிக்கும் மூட்டு வலிக்கும் முறைப்படி படம் எடுக்கப்பட்டது. அவர்களும் நோயாளிகள்தாம், அவர்கள்மீது குறையில்லை. ஆனால் கால் இழந்துகொண்டிருந்த ஒருவரை வரிசையில் முன்னே நகர்த்தும் அதிகாரம் யாரிடமாவது இருந்தது. அவர் அதைப் பயன்படுத்தவில்லை, பயன்படுத்தாததற்காக அவரை யாரும் கேட்கவும் இல்லை. டெக்ஸாமெத்தசோன் விலை உயர்ந்த மருந்தல்ல. அதைக் கொடுக்க ஸ்கேன் முடியும்வரை காத்திருக்கத் தேவையும் இல்லை.

நீங்கள் அந்த வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். மகன் தறி வேலையை விட்டுவிட்டு அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருக்கிறார். அவர்கள் கேட்பது இழப்பீடு அல்ல. அந்த இரவில் திருப்பி அனுப்பியது யார் முடிவு என்று எழுத்தில் சொல்லச் சொல்கிறார்கள். அதைச் சொல்ல உங்களுக்குக் கடமை உண்டு. எலும்பில் பரவிய புற்றுநோயாளி கால் தளர்கிறது என்று சொன்னால் அன்றைக்கே படமும் அன்றைக்கே அறிக்கையும் கிடைக்க வேண்டும். பழைய ஸ்கேன் எந்த ஊரில் எடுத்ததானாலும் அதைத் திறந்து பார்க்கும் கணினியும், பார்த்துவிட்டு ஒப்பிட்டேன் என்று கையெழுத்திடும் கதிரியல் மருத்துவரும் வேண்டும். இதை எப்போது செய்வீர்கள் என்று தேதி போட்டுப் பதில் எழுதுங்கள்.