கடைசி நாளில் வருவது குற்றமா?

"கடைசி நாள் வரை சும்மா இருந்துவிட்டு, இப்போது போர்ட்டல் வேலை செய்யவில்லை என்று புலம்புகிறார்கள்." கம்பெனிகள் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் மாதங்களில் இந்தப் பேச்சு தவறாமல் கிளம்பும். அதிகாரிகள் சொன்னாலாவது புரிந்துகொள்ளலாம். தொழில் நடத்துபவர்களே இதை நம்பி, தங்கள் ஆடிட்டரையும் கம்பெனி செக்ரட்டரியையும் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. நிறுவன விவகார அமைச்சகம் பதில் சொல்ல வேண்டிய இடத்தில், அது தாக்கல் செய்ய வந்தவரைக் குற்றவாளியாக நிறுத்துகிறது.

அக்டோபர், நவம்பரில் போர்ட்டலில் கூட்டம் சேர்வது சோம்பேறித்தனத்தால் அல்ல, சட்டத்தால். 1956 கம்பெனிச் சட்டத்தில் ஒரு நிறுவனம் தனக்கு வசதியான நாளில் நிதியாண்டை முடித்துக்கொள்ளலாம். 2013 சட்டம், சில விதிவிலக்குகள் போக, எல்லோருக்கும் மார்ச் 31 என்று வகுத்தது. அதிலிருந்து ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் 30க்குள், ஆண்டுப் பொதுக்கூட்டம். கூட்டம் முடிந்து 30 நாளுக்குள் கணக்குக்கான ஏஓசி-4, 60 நாளுக்குள் ஆண்டறிக்கைக்கான எம்ஜிடி-7. வருமான வரித் தணிக்கை அறிக்கைக்கும் வழக்கமான கெடு செப்டம்பர் 30தான். கம்பெனிகளின் வருமான வரிக் கணக்குக்கு அக்டோபர் 31. நடுவில் மாதாமாதம் ஜிஎஸ்டி. இத்தனையும் ஒரே ஆடிட்டர் அலுவலகத்தின் மேசைக்குத்தான் வருகின்றன. தேர்த் திருவிழாவுக்குத் தேதி குறித்துவிட்டு, ஏன் எல்லோரும் ஒரே நாளில் வந்தீர்கள் என்று கேட்க முடியுமா?

"முன்கூட்டியே செய்திருக்கலாமே" என்பது அடுத்த வாதம். பொதுக்கூட்டம் நடந்த பிறகுதான் முறையான தாக்கலுக்கான நாள்கணக்கே தொடங்குகிறது. தணிக்கை முடிந்து, இயக்குநர் குழு ஒப்புதல் தந்து, பங்குதாரர்களுக்கு அறிவிப்புப் போய், கூட்டம் கூடி முடிய வேண்டும். அதற்குப் பிறகு சட்டம் 30 நாள் தருகிறது என்றால் முப்பதாவது நாளும் அதில் சேர்ந்ததுதான். 1897ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம், 10ஆம் பிரிவு, இதைவிடத் தெளிவாகப் பேசுகிறது: கெடுவின் கடைசி நாளில் நீதிமன்றமோ அலுவலகமோ மூடியிருந்தால், அது திறக்கும் அடுத்த நாளில் செய்தாலும் உரிய காலத்தில் செய்ததாகவே கொள்ள வேண்டும். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்கூட, கதவு மூடியிருந்ததற்கு வந்தவனைத் தண்டிக்கவில்லை. போர்ட்டல் ஒன்றுதான் வாசல் என்று ஆக்கிவிட்ட காலத்தில், போர்ட்டல் முடங்கினால் அலுவலகம் மூடியதாகத்தானே பொருள்?

அந்த வாசலை அமைச்சகம் எப்படி மாற்றிக் கட்டியது என்பதையும் பார்க்க வேண்டும். எம்சிஏ-21 என்ற அமைச்சகப் போர்ட்டல் தொடங்கியது 2006இல். அதன் மூன்றாம் பதிப்பு தவணை தவணையாக வந்தது: 2022 மார்ச்சில் எல்எல்பி (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை) படிவங்கள், அதே ஆண்டு செப்டம்பரில் கம்பெனிப் படிவங்களின் முதல் தொகுதி, 2023 ஜனவரியில் 56 படிவங்கள், 2025 ஜூலை 14 அன்று மீதமிருந்த 38. ஆண்டுத் தாக்கல் படிவங்கள் இந்தக் கடைசித் தொகுதியில் இருந்தன. அதற்காகப் பழைய படிவங்களை ஜூன் 18ஆம் தேதியே நிறுத்திவிட்டார்கள். ஏறத்தாழ நான்கு வாரம் அந்தப் படிவங்களுக்கு வழியே இல்லை.

மாறியது தோற்றம் மட்டுமல்ல. முன்பு படிவத்தைக் கணினியில் இறக்கி, இணையம் இல்லாமலும் நிதானமாக நிரப்பலாம். புதிய முறையில் தளத்துக்குள்ளேயே உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டும். பிறகு இறக்கி, டிஜிட்டல் கையொப்பமிட்டு, மீண்டும் ஏற்ற வேண்டும். நடுவில் லாகின் அறுந்தால், சேமிக்காததெல்லாம் போயிற்று. பதிவேட்டிலிருந்து தானாக வந்து விழும் விவரம் தவறாக இருந்தால், பல இடங்களில் அதைப் படிவத்திலேயே திருத்த முடியாது. புகார் எழுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இந்தத் தொல்லைகளுக்கும் கடைசி நாளுக்கும் என்ன சம்பந்தம்? முதல் நாளில் நுழைந்தவருக்கும் இதே படிவம்தான்.

2023 ஜனவரி மாற்றத்தின்போதும் அமைச்சகம் கூடுதல் கட்டணமில்லாமல் அவகாசம் கொடுத்தது. பிறகு அதையும் நீட்டியது. 2025இல் ஆண்டுப் படிவங்களுக்கு டிசம்பர் 31 வரை அவகாசம் என்ற சுற்றறிக்கை அக்டோபர் 17 அன்று வந்தது. செப்டம்பர் 30இல் பொதுக்கூட்டம் நடத்திய கம்பெனிக்கு ஏஓசி-4 கெடு முடிய அப்போது இன்னும் ஏறத்தாழ இரண்டு வாரம் பாக்கி. கடைசி நாள் நெரிசல்தான் காரணம் என்றால், அந்த நெரிசல் சேரும் முன்பே அவகாசம் கொடுக்க வேண்டிய தேவை ஏன் வந்தது?

அவகாசம்தான் கிடைத்துவிட்டதே என்று சமாதானம் சொல்பவர்களும் உண்டு. அது சலுகையாக வருகிறது. வருமா வராதா என்று சுற்றறிக்கை வரும்வரை யாருக்கும் தெரியாது. வராவிட்டால், 2018 ஜூலை முதல் நடப்பில் உள்ளபடி, இந்தப் படிவங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். உச்சவரம்பு கிடையாது. ஒரு லட்சத்துக்குக் குறைந்த மூலதனமுள்ள கம்பெனிக்குச் சாதாரணத் தாக்கல் கட்டணமே 200 ரூபாய்தான். இரண்டு நாள் தாமதமானால் அதே தொகை மறுபடியும். ஆயிரம் கோடி நிறுவனத்துக்கும் அதே 100 ரூபாய்தான், ஆனால் அங்கே இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. திருப்பூரிலோ சிவகாசியிலோ இருவர் சேர்ந்து நடத்தும் பிரைவேட் லிமிடெட்டில், மெஷின் ஓட்டுபவரும் கணக்குப் பார்ப்பவரும் ஒருவரே.

உண்மையாகவே மாதக்கணக்கில் தாக்கல் செய்யாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கூடுதல் கட்டணம் வாங்கட்டும், யாரும் தடுக்கவில்லை. ஆனால் அவர்களையும், கெடுவுக்குள் படிவத்தைத் திறந்து பிழைச் செய்தியோடு மல்லுக்கட்டியவரையும் பிரித்துப் பார்க்க அமைச்சகத்தால் முடியும். யார் எப்போது உள்ளே வந்தார், எந்தப் படிவத்தைச் சேமித்தார், எங்கே நின்றுபோனது என்பதெல்லாம் சர்வரில் பதிவாகிற விஷயங்கள். போர்ட்டல் முடங்கிய நேரங்களை நாள்வாரியாகப் பொதுவில் வெளியிடட்டும். அந்த நாட்களைக் கட்டணக் கணக்கிலிருந்து, யாரும் மனுப் போடாமலே, தானாகக் கழிக்கட்டும். அடுத்த முறை படிவங்களை மாற்றும்போது, புதியது ஒரு தாக்கல் பருவத்தை முழுதாகத் தாண்டும்வரை பழையதையும் திறந்து வைக்கட்டும்.