ஆயாவின் இடுப்புச் சாவியும் கண் சாவியும்

எங்க ஆயாகிட்ட ரெண்டு பூட்டு இருக்கு. (பூந்தமல்லி பக்கம் பாட்டியை ஆயான்னுதான் கூப்பிடுவோம். வேற அர்த்தம் எடுத்துக்காதீங்க!) ஒன்று, அவர் கல்யாணத்தின்போது வந்த இரும்பு பீரோ. அதன் சாவி எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும், தூங்கும்போதுகூட. அதற்குள் என்ன இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் முழுதாகத் தெரியாது. இரண்டாவது பூட்டு ரேஷன் கடையில் இருக்கிறது. அதற்குள் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்: அரிசி, சர்க்கரை, துவரம்பருப்பு, பாமாயில்.

இந்த வாரம் அந்த இரண்டாவது பூட்டைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் ரேஷன் கடைகளுக்குக் கைரேகை முறை வந்தது நினைவிருக்கும். அதுவரை கார்டை நீட்டினால் போதும். அதன்பிறகு விரலையும் நீட்ட வேண்டியிருந்தது. ஆயாவுக்குத் தனி கார்டு. தாத்தா போனபிறகு அதில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அதனால் 'வீட்டில் வேறு யாராவது போய் விரல் வைத்துவிட்டு வாங்க' என்ற வசதி அவருக்குக் கிடையாது. நாற்பது வருஷம் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்த கை அது. சாம்பலும் தேங்காய் நாரும் சோப்புத்தூளும் சேர்ந்து ரேகையை எப்போதோ கழுவிவிட்டன. கட்டைவிரல் வைப்பார், கருவி சிவப்பு காட்டும். ஆள்காட்டி விரல், அதுவும் சிவப்பு. எண்ணெய் தடவிப் பார்ப்பார், புடவையில் துடைத்துப் பார்ப்பார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். "நாளைக்கு வாம்மா" என்று பதில் வரும்.

ஒரு மாதம் மூன்று முறை போய் வந்தார். மூன்றாவது முறை வீட்டுக்கு வந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "என் கையே என்னைத் தெரியலன்னு சொல்லுதுடி கண்ணு."

கட்டடத் தொழிலாளிகள், சுண்ணாம்பு அடிப்பவர்கள், சலவைத் தொழிலாளிகள், செங்கல் சூளையில் வேலை பார்ப்பவர்கள் என்று கைரேகை தேய்ந்தவர்கள் பட்டியல் நீளம். யோசித்துப் பாருங்கள், ரேஷன் அரிசி யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள் விரல்தான் முதலில் தேய்கிறது. இந்தப் புகார்கள் குவிந்ததால்தான் கைரேகைக்குப் பதிலாகக் கண்ணைப் படமெடுக்கும் கருவிகளை அரசு முதலில் சில இடங்களில் சோதித்துப் பார்த்தது. பிறகு மற்ற கடைகளுக்கும் படிப்படியாகக் கொண்டு போனது. தமிழ்நாட்டில் 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகள் இருக்கின்றன என்பதை வைத்து இது எவ்வளவு பெரிய வேலை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் பகுதிக் கடைக்கு அந்தக் கருவி வந்த நாள், ஆயா அதைப் பைனாகுலர் என்று நினைத்துவிட்டார். "உள்ள இன்னா படம் தெரியும்?" என்று கேட்டிருக்கிறார். கண்ணை வைத்த சில நொடியில் 'டிக்'. பில் வந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் அரிசி மூட்டையைக் கீழே வைப்பதற்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

சரி, அந்த 'டிக்'குக்குள் என்ன நடக்கிறது?

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். செய்திகளில் இதை 'விழித்திரைப் பதிவு' என்று எழுதுகிறார்கள் (நாங்களும் எழுதியிருக்கிறோம், மன்னிக்கவும்). விழித்திரை என்பது ரெட்டினா. அது கண்ணின் பின்பக்கம் உள்ளே இருக்கிறது. 'கருவிழி' என்றும் சொல்கிறோம். ஆனால் கண் டாக்டரிடம் போய்க் கருவிழி என்றால் அவர் முன்னால் இருக்கும் கண்ணாடி போன்ற கார்னியாவைச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார். இந்தக் கருவி பார்ப்பது ஐரிஸ். கண்ணின் நடுவில் இருக்கும் கறுப்புப் புள்ளியைச் சுற்றி, நம்மில் பெரும்பாலோருக்கு அடர் பழுப்பு நிறத்தில் இருக்கும் வளையம்.

அந்த வளையத்துக்குள் நார் நாராக, பள்ளம் மேடாக ஒரு கோலம் இருக்கிறது. தாயின் வயிற்றில் மூன்றாவது மாதம் உருவாகத் தொடங்கி எட்டாவது மாதத்துக்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். ஒரே மாதிரி இருக்கும் இரட்டைக் குழந்தைகளுக்குக்கூட இந்தக் கோலம் வேறு வேறுதான். அவ்வளவு ஏன், உங்கள் இடது கண்ணுக்கும் வலது கண்ணுக்குமே பொருந்தாது.

நம்மைப் போல் கறுப்பும் பழுப்புமான கண்ணில் சாதாரண வெளிச்சத்தில் இந்தக் கோலம் தெரியவே தெரியாது. கண்ணாடி முன்னால் நின்று பாருங்கள், ஒரே கறுப்பாகத்தான் இருக்கும். அதனால் கருவி ஓர் அகச்சிவப்பு ஒளியை அடிக்கிறது. டிவி ரிமோட்டில் இருந்து வருமே, நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி, அந்த வகை. அதில் பழுப்பு நிறம் விலகி, உள்ளே இருக்கும் நார்கள் தெளிவாகத் தெரிகின்றன.

இதைக் கணக்காக மாற்றியவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் டாக்மன். 'ஐரிஸை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம்' என்று லெனார்ட் ஃப்ளோம், ஆரன் சஃபிர் என்ற இரண்டு அமெரிக்கக் கண் மருத்துவர்கள் 1987-ல் காப்புரிமை வாங்கினார்கள். எப்படி என்பதற்கான கணக்கை டாக்மன் எழுதி 1994-ல் காப்புரிமை பெற்றார். அவர் முறையில் ஒரு கண் 2,048 பூஜ்யமும் ஒன்றுமாக மாறிவிடும். வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பும் ஒரு குட் மார்னிங் படத்தின் அளவில் நூற்றுக்கணக்கான கண்களை அடைத்துவிடலாம்.

ஒரே கண்ணை இரண்டு முறை படமெடுத்தால்கூட இரண்டும் அப்படியே ஒத்துப்போகாது. இமை கொஞ்சம் இறங்கியிருக்கும், கண்ணீர் மின்னும், தலை சாய்ந்திருக்கும். அதனால் கருவி 'எத்தனை இடத்தில் வேறுபடுகிறது' என்று எண்ணுகிறது. ஓர் எல்லைக்குள் இருந்தால் நீங்கள் நீங்கள்தான். எல்லையைத் தாண்டினால் நீங்கள் யாரோ.

இதன் மிகப் பிரபலமான சாட்சி ஒரு பெண். 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாகிரபிக் அட்டையில் வந்த, பச்சைக் கண்களோடு வெறித்துப் பார்க்கும் ஆப்கன் அகதிச் சிறுமியின் படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். எடுத்தவர் ஸ்டீவ் மெக்கரி. 2002-ல் அவரைத் தேடிக் கண்டுபிடித்தபோது, 'இவர்தானா அவர்?' என்ற கேள்வி எழுந்தது. பழைய படத்தையும் புதிய படத்தையும் டாக்மன் தன் கணக்கில் போட்டுப் பார்த்து, அவர்தான் என்றார். ஷர்பத் குலா என்ற அவர் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது அதன் பிறகுதான்.

நம் ஊரில் ஆதார் எடுத்தபோதே, 2010 செப்டம்பரில் மகாராஷ்டிராவின் தெம்பிளி கிராமத்தில் முதல் எண் கொடுத்த நாளிலிருந்து, பத்து விரலோடு இரண்டு கண்களையும் சேர்த்தே பதிந்துவிட்டார்கள். ஆக, சாவி செய்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ரேஷன் கடையில் பூட்டுதான் புதுசு.

இங்கேதான் எங்கள் வீட்டுப் பிரச்னை வந்தது. ஆயாவுக்கு வலது கண்ணில் புரை. "ஆபரேஷன் பண்ணிடலாம், ஒரு நாள் வேலை" என்றார் டாக்டர். எல்லோரும் சம்மதித்தோம், ஆயாவைத் தவிர. வலிக்குப் பயமா என்றால் இல்லை. செலவா என்றால் அதுவும் இல்லை. இரண்டு நாள் கழித்து மெதுவாகச் சொன்னார்: "கை போச்சு. இப்ப கண்ணையும் மாத்திட்டா, கடைக்காரரு இன்னாத்தப் பார்த்து அரிசி போடுவாரு?"

சிரித்துவிட்டேன். பிறகு அலுவலகத்துக்கு வந்து படிக்கப் படிக்கச் சிரிப்பு போய்விட்டது. அவர் கேட்டது ஆராய்ச்சியாளர்களே கேட்ட கேள்வி. புரை அறுவையில் எடுப்பது ஐரிஸை அல்ல, அதற்குப் பின்னால் மங்கிப்போன லென்ஸை. பெரும்பாலானவர்களுக்குக் கோலம் அப்படியேதான் இருக்கும். ஆனால் அறுவையின்போது ஐரிஸ் இலேசாக உரசப்படலாம், கறுப்புப் புள்ளியின் வட்டம் சற்றே மாறலாம். பிரேசிலில் நடந்த ஓர் ஆய்வு 2004-ல் வெளியானது. அறுவைக்குப் பின் சில கண்களைக் கருவி அடையாளம் காணவில்லை என்றும், அப்படிப்பட்டவர்கள் மறுபடி பதிவு செய்துகொள்வது நல்லது என்றும் அது சொன்னது. இன்னொரு சின்ன விஷயம். கண் பரிசோதனைக்குச் சொட்டு மருந்து விட்டால் கறுப்புப் புள்ளி விரிந்துவிடும். வளையம் சுருங்கும். அந்த நிலையில் நேராக ரேஷன் கடைக்குப் போகாதீர்கள்.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது இந்தப் பயம் இருந்தால் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். கண் பொருந்தாவிட்டால் ஆதார் மையத்தில் பயோமெட்ரிக்கைப் புதுப்பிக்கலாம், சந்தேகத்துக்கு 1947 எண் இருக்கிறது. கடைக்குப் போக முடியாத முதியவர்கள் தங்களுக்குப் பதிலாக இன்னொருவரை நியமிக்கப் படிவம் கொடுக்கலாம். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள் வீட்டுக்கே வருகிறது (கருவியும் கூடவே வரும் என்பது வேறு கதை). எல்லாவற்றுக்கும் மேலாக, பயோமெட்ரிக் பொருந்தவில்லை என்பதற்காக உரியவருக்கு ரேஷனை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத்துறை 2017 அக்டோபர் 24 அன்றே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மறுத்தால் 1967-க்குப் போன் போடுங்கள்.

உங்கள் கண் சரியாக இருந்தாலும் பூட்டு திறக்காமல் போக இன்னொரு காரணம் உண்டு. நம் கண்ணைச் சரிபார்ப்பது கடையில் இருக்கும் கருவி அல்ல. அது ஆதாரின் சர்வரைக் கேட்கிறது, அவர்களுடைய தரவு மையங்கள் பெங்களூருவிலும் மானேசரிலும் இருக்கின்றன. காட்டுப்பாக்கத்தில் ஒருவர் கண்ணை அகலத் திறந்துகொண்டு நிற்க, சிக்னல் கிடைக்காமல் கருவி சுற்றிக்கொண்டே இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். மெட்ரோ தூண்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இரண்டாம் உலகத்து வேலையும் மூன்றாம் உலகத்து டவருமா என்று நினைத்துக்கொண்டேன்.

"சார், வீட்டுக் கதவுக்கே கண் பூட்டு போடலாமா?" என்று போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். (நான் சார் இல்லை, மேடம்.) என் கருத்து: அவசரப்படாதீர்கள். சாம்சங் 2017-ல் கேலக்ஸி எஸ்8 போனில் கண் பூட்டு வைத்தது. அடுத்த மாதமே ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் குழுவினர், தூரத்திலிருந்து எடுத்த ஒரு கண் படத்தைப் பிரின்ட் போட்டு, அதன்மேல் ஒரு கான்டாக்ட் லென்ஸை ஒட்டித் திறந்து காட்டிவிட்டார்கள். 2019-ல் வந்த எஸ்10-ல் அந்த வசதியே இல்லை. பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றலாம், பூட்டுச் சாவி தொலைந்தால் பூட்டையே மாற்றலாம். கண் விஷயம் அப்படி இல்லை.

அதே நேரம், இந்தத் தொழில்நுட்பம் இல்லையென்றால் பட்டினி என்ற இடங்களும் உண்டு. ஜோர்டானின் ஜாத்தாரி முகாமில் சிரியா அகதிகள் 2016-ல் கண்ணைக் காட்டி மளிகை வாங்கத் தொடங்கினார்கள், கையில் கார்டோ காசோ இல்லாமல். 'வேண்டாம், என் கண்ணைத் தரமாட்டேன்' என்று சொல்ல அவர்களில் யாரால் முடியும்? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. எங்கள் ஆயாவும்தான், யார் அனுமதி கேட்டு அவர் கண்ணைப் பதிந்தார்கள்? 'இங்க பாருங்க' என்றார்கள், பார்த்தார்.

நமக்குச் செய்ய முடிந்த ஒன்று இருக்கிறது. ஆதார் செயலியிலோ ஆதார் இணையதளத்திலோ போய் உங்கள் பயோமெட்ரிக்கை நீங்களே பூட்டி வைக்கலாம். பூட்டினால் விரல், கண், முகம் எதை வைத்தும் யாரும் உங்கள் பெயரில் சரிபார்க்க முடியாது. தேவைப்படும்போது சில நிமிடங்களுக்கு மட்டும் திறந்துகொள்ளலாம். ஆதாரோடு இணைத்த போன் எண் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ரேஷனுக்குப் போகும் நாளில் திறக்க மறந்துவிடாதீர்கள்.

ஆயாவிடம் இதைச் சொன்னபோது, "கண்ணுக்கும் பூட்டு, அந்தப் பூட்டுக்கு ஒரு போனு. போன் தொலைஞ்சா?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வி: "செத்துட்டா கண்ணு வேலை செய்யுமா?" இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? போலந்தின் வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், இறந்து பல மணி நேரம் ஆன பிறகும் ஐரிஸை அடையாளம் காண முடிகிறது என்று கண்டிருக்கிறார்கள். ஆயாவிடம் அதைச் சொல்லவில்லை. "தெரியலை ஆயா" என்றேன்.

ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் கழித்து, போன சனிக்கிழமை அவரோடு கடைக்குப் போனேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கருவியைக் கண்ணில் வைத்தார். முதல் தடவை எடுக்கவில்லை. கடைக்காரர், "இமையை நல்லாத் திறம்மா" என்றார். ஆயா புருவத்தை விரலால் மேலே தூக்கிப் பிடித்தார், ரேகை தேய்ந்த அதே விரல். எனக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது.

'டிக்.'

வீட்டுக்கு வந்ததும் அரிசியை டின்னில் கொட்டினார். ரேஷன் கார்டை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அடுத்த கண்ணுக்கு எப்போது ஆபரேஷன் என்று கேட்டார்.