ஜெர்மனியில் படிப்பு இலவசமாம்.. யாருக்கு?

இந்த ஒரு வரியைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. ஃப்ளெக்ஸ் பேனர்ல அதான், ரீல்ஸ்ல அதான், கேன்டீன்ல டீ குடிக்கிறப்பவும் அதான். "மச்சி, ஜெர்மனில ஃபீஸே கிடையாதுடா, பாஸ்போர்ட் இருந்தா போதும்." சொல்றவன் யாருன்னு பாத்தா என் கிளாஸ்மேட். மூணு வருஷமா என் பக்கத்துல உக்காந்து டெபிட், கிரெடிட் எழுதினவன். ஒரு செலவை லெட்ஜர்ல வேற தலைப்புக்கு மாத்தி எழுதிட்டா அது செலவே இல்லைன்னு ஆயிடுமா? இது கூடத் தெரியாம என்னத்த பி.காம் படிச்சோம்?

ஒண்ணை முதல்லயே சொல்லிடறேன். அந்த வரி முழுப்பொய் இல்லை. ஜெர்மனியில பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள்ல டியூஷன் ஃபீஸ் கிடையாது. நடுவுல சில மாநிலங்கள் ஃபீஸ் வாங்க ஆரம்பிச்சாங்க, மாணவர்கள் தெருவுல இறங்கினாங்க, ஒவ்வொரு மாநிலமா வாபஸ் வாங்கினாங்க. கடைசியா வாபஸ் வாங்கினது லோயர் சாக்ஸனி, 2014ல. அந்த ஊர் ஜனங்க கட்டுற வரியில நம்ம பசங்களும் படிக்கிறாங்க. பெரிய விஷயம்தான், நான் மறுக்கலை. என் சண்டை ஜெர்மனியோட இல்லை. 'இலவசம்'ங்கிற வார்த்தையை நம்ம ஊர்ல கூவிக் கூவி விக்கிறாங்களே, அவங்களோட.

சரி, மேட்டருக்கு வருவோம்.

விசாவுக்குப் போறதுக்கு முன்னாடியே பிளாக்டு அக்கவுண்ட்னு ஒண்ணு காட்டணும். ஸ்காலர்ஷிப்போ, அங்க இருக்கிற யாராவது செலவுக்குப் பொறுப்பேத்துக்கிட்ட உறுதிக் கடிதமோ இருந்தா அது வேற கதை. மத்தவங்களுக்கு 2024 செப்டம்பர்லேர்ந்து கணக்கு 11,904 யூரோ. அதாவது ஒரு வருஷத்துக்கு மாசம் 992. யூரோ நூறு ரூபாய்னு ரவுண்டா வெச்சுக்கிட்டா கிட்டத்தட்ட 12 லட்சம். இது கல்லூரிக்குப் போற காசு இல்லை, நீ அங்க சோறு தின்ன வெச்சிருக்கிற காசு. மொத்தமா எடுக்க முடியாது, மாசா மாசம் சொட்டும்.

12 லட்சம்னா எவ்வளவுன்னு ஒலக்கூர் கணக்குல சொல்றேன். 2025-26ல தமிழ்நாட்டுல நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 336 ரூபாய். நூறு நாளும் முழுசாக் கிடைச்சு, முழுக் கூலியும் கைக்கு வந்தா (வந்தா!) வருஷத்துக்கு 33,600. எங்க தெருவுல ஏரி வெட்டப் போற ஒரு அம்மா ஒரு ரூபாய்கூடச் செலவு பண்ணாம அந்தக் காசை அப்படியே சேத்து வெச்சா, பையனோட 'இலவச'ப் படிப்புக்கு விசா அப்ளை பண்ண 35 வருஷம் ஆகும். பையனுக்கு அதுக்குள்ள பேரன் பொறந்துடுவான்.

இதைச் சொன்னா உடனே ஒரு பதில் வரும் பாருங்க: "அது உன் பணம்தானே தம்பி, உனக்கேதானே திரும்பி வருது?" இங்கதான் எனக்கு பி.பி ஏறும். யாரோட பணம்? வீட்டுல 12 லட்சம் சும்மா தூங்கிக்கிட்டு இருந்தா அது உன் பணம். அப்படி இல்லாதவன் கடன் வாங்கிப் போடறான். கடன் வாங்கிப் போட்ட டெபாசிட் ஒரு பக்கம் அசெட்னா மறுபக்கம் லயபிலிட்டி. ஃபர்ஸ்ட் இயர் பாடம்! 11 சதவீதம் வட்டின்னு வெச்சா 12 லட்சத்துக்கு மாசம் 11,000 ரூபாய். படிக்கிற வரைக்கும் கட்ட வேணாம்னு பேங்க்ல சொன்னாலும் வட்டி ஓடிக்கிட்டுதான் இருக்கும். ஏழரை லட்சத்தைத் தாண்டினா பேங்க் சாதாரணமா சொத்தைக் கேக்கும். எங்க பக்கம் சொத்துன்னா என்ன, ஒரு காணியோ ரெண்டு காணியோ நிலம். பத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர் அப்பா. அவர்கிட்ட யாரும் பிளாக்டு அக்கவுண்ட்னு சொல்லலை, இலவசம்னுதான் சொல்லியிருக்காங்க.

சில்லறைச் செலவு தனி. 2022 நவம்பர்லேர்ந்து இந்திய மாணவர்களுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம், அதுக்கு 18,000. விசாவுக்கு 75 யூரோ. மொழித் தேர்வு, ஃப்ளைட், வீட்டு அட்வான்ஸ், ஸ்வெட்டர்.. எழுதிக்கிட்டே போகலாம், விடுங்க.

'இலவசம்'ங்கிறதுலயும் ஓட்டை இருக்கு. ஸ்டுட்கார்ட், ஹைடல்பெர்க் இருக்கிற பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்துல, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலேர்ந்து வர்ற மாணவர்களுக்கு 2017லேர்ந்து செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டர்லேர்ந்து செமஸ்டருக்கு 2,000 முதல் 6,000 யூரோ வரைக்கும் வாங்குது. பேனர்ல மட்டும் இன்னும் மியூனிக் போட்டோதான்.

அங்க போன பிறகு எப்படி இருக்கும்? எங்க பக்கத்துலேர்ந்து போன அண்ணன் ஒருத்தர் கெம்னிட்ஸ்ல இருக்காரு. கிழக்கு ஜெர்மனி காலத்துல, 1953லேர்ந்து 1990 வரைக்கும், அந்த ஊர் பேரே கார்ல் மார்க்ஸ் நகரம். 1971ல வெச்ச மார்க்ஸ் சிலை இன்னும் நடு ஊர்ல இருக்கு. உடம்பு கிடையாது, வெறும் தலை மட்டும் ஏழு மீட்டர் உயரம். 'மூலதனம்' எழுதின மனுஷனோட தலைக்கு எதிர்ல நின்னுக்கிட்டு, அக்கவுண்ட்ல இன்னும் எத்தனை யூரோ மிச்சம்னு பாப்பாராம் அண்ணன் :)

அந்த 992ல ரூம் வாடகை போச்சு. மெடிக்கல் இன்சூரன்ஸ் கட்டாயம், மாசம் 140 யூரோவுக்குக் குறையாது. ரேடியோ, டிவி வரின்னு ஒண்ணு, வீட்டுக்கு 18.36 யூரோ. டிவியே இல்லாட்டியும் கட்டணும் (நம்ம ஊர்ல டிவியையே இலவசமாக் கொடுத்தாங்க, ஞாபகம் இருக்கா?). தண்ணி பாட்டிலுக்கு 25 சென்ட் டெபாசிட், காலி பாட்டிலை மெஷின்ல போட்டாத் திரும்பி வரும். மாசக் கடைசில அண்ணன் ரூம் மூலையில இருக்கிற பாட்டிலை எல்லாம் பையில கட்டி எடுத்துட்டுப் போயி அந்தக் காசுல வெங்காயம் வாங்கியிருக்காரு. ஞாயித்துக்கிழமை கடை கிடையாது, சனிக்கிழமை தக்காளி மறந்தா திங்கக்கிழமை வரைக்கும் சட்னியும் கிடையாது. இதெல்லாம் அவர் சிரிச்சுக்கிட்டேதான் சொல்வாரு.

சிரிக்காம சொன்னது வேலை விஷயம். "பார்ட் டைம் பாத்தே சமாளிச்சிடலாம்"னு இங்க சொல்றாங்களே. 2024 மார்ச்லேர்ந்து வருஷத்துக்கு 140 முழு நாள் இல்லன்னா 280 அரை நாள் வேலை பாக்கலாம், 2025ல குறைஞ்சபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ. பேப்பர்ல அழகான கணக்கு. ஆனா வேலை கிடைக்கணுமே? கோர்ஸ் இங்கிலீஷ்ல இருக்கும், கடையில கல்லாவுல உக்காரணும்னா ஜெர்மன் வேணும். அது வரலைன்னா குடோன்ல பெட்டி தூக்கணும், இல்லன்னா சைக்கிள்ல சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கணும். அண்ணனுக்கு முதல் அஞ்சு மாசம் அதுவும் கிடைக்கலை. அப்புறம் குடோன்ல நைட் ஷிப்ட், காலையில கிளாஸ். ரெண்டு பேப்பர் போச்சு, ஒரு செமஸ்டர் கூடிச்சு. கூடின செமஸ்டருக்கும் சோறு வேணும், விசா புதுப்பிக்கணும்னா மறுபடி கணக்குல காசு காட்டணும். அந்த வருஷம் வீட்டுல மல்லாட்டை வித்த காசு வட்டிக்கே சரியாப் போச்சு. இந்த ஆறு மாசத்தை எந்த பேனர்ல பாத்தீங்க?

"அமெரிக்காவுக்கு இதைவிட எவ்வளவோ ஆகும்டா, உனக்குப் பொறாமை"ன்னு ஒருத்தன் சொன்னான். அமெரிக்காவோட ஒப்பிட்டா மலிவுதான். மலிவுன்னு சொல்லு, நானும் கூடச் சேந்து சொல்றேன். 2023-24 குளிர்கால செமஸ்டர்ல ஜெர்மனியில 49,000க்கும் மேல இந்திய மாணவர்கள், வெளிநாட்டு மாணவர்கள்ல முதலிடம் நமக்குத்தான். நல்லாப் படிச்சு நல்ல வேலையில இருக்கிறவங்க எத்தனையோ பேர். போறவனைத் தடுக்க நான் யாரு? மலிவுன்னு சொன்னா அப்பா "எவ்வளவு"ன்னு கேப்பாரு. இலவசம்னு சொன்னா கேக்க மாட்டாரு. அந்த ஒரு கேள்வி வரக்கூடாதுன்னுதான் அந்த வார்த்தை.

அதுல இன்னொரு வசதியும் இருக்கு. இலவசம்னு சொல்லி உள்ள கூப்பிடுவாங்க. உக்காந்த பிறகு, "உங்க மார்க்குக்கு அரசுப் பல்கலைக்கழகம் கஷ்டம், தனியார்ல உடனே சீட்டு இருக்கு"ம்பாங்க. தனியார்ல முழு ஃபீஸ். அங்க ஆள் சேத்து விட்டா கமிஷன் உண்டு.

அதனால மக்களே, அடுத்த தடவை எவராவது இலவசம்னு சொன்னா, ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து மூணே மூணு விஷயம் எழுதித் தரச் சொல்லுங்க: கிளம்புறதுக்கு முன்னாடி கையில எவ்வளவு இருக்கணும், வேலையே கிடைக்கலைன்னா ரெண்டு வருஷத்துக்கு எவ்வளவு, இந்த அட்மிஷனுக்கு அவங்களுக்கு எவ்வளவு. கீழ கையெழுத்தும் வாங்குங்க. நான் ஒரு இடத்துல கேட்டுப் பாத்தேன். பிரிண்டர் ரிப்பேர்னாங்க. கையால எழுதினாப் போதும்னு சொன்னேன். சார் வெளில போயிருக்காரு, திங்கக்கிழமை வாங்கன்னாங்க.