விழிக்க மறுக்கும் மடிக்கணினி

ஒருவர் மூர்ச்சையுற்றுக் கிடந்தால், நாடியைப் பாராது பாடை கட்ட எவரும் முனைவதில்லை. மடிக்கணினி விஷயத்திலோ நம் இல்லங்களில் பெரும்பாலும் அவ்வாறே நிகழ்கிறது. ஆளியை அழுத்துகிறார்கள், திரை இருண்டே கிடக்கிறது, "போய்விட்டது" என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகின்றனர். போனது எது என்று கேட்பார் இல்லை.

தெல்தெனியவிலும் அயலூர்களிலும் மாணாக்கர் கையில் உள்ள மடிக்கணினிகளுட் பல பழையவை. 2020-ஆம் ஆண்டிலே தொற்றுநோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் திரைவழியே வரத் தொடங்கியபோது, பிறர் பாவித்த கணினிகளைக் கண்டியிலே தேடி வாங்கிய பெற்றோர் உண்டு. 2022-இல் ரூபாயின் மதிப்பு சரிந்தபின் புதியதொன்றை வாங்குவது எட்டாக் கனியாயிற்று. ஆகவே பழையதைப் பேணுதல் இங்கு வெறும் சிக்கனமன்று. பலருக்கு வேறு வழியே இல்லை.

இவற்றின் நோய்க்கு முதற் காரணம் மின்வெட்டு. 2022 மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. 1985-இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணையின் மின்னிலையம் 210 மெகாவாட் ஆற்றல் உடையது. அந்நீர்த்தேக்கத்துக்காகத் தன் பழைய பட்டணத்தையே தண்ணீருக்குக் கொடுத்த தெல்தெனியவும் மற்ற ஊர்களோடு இருளில் இருந்தது என்பதை எண்ணும்போது சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. 2025 பெப்ரவரி 9-ஆம் நாள், பாணந்துறை உபமின்னிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததென்று சொல்லி நாடு முழுவதும் இருண்டதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பழைய கணினியின் மின்கலம் பெரும்பாலும் செத்துப்போனது. சுவர் மின்சாரம் நின்ற கணமே கணினியும் விழுகிறது. அவ்வேளை வன்தட்டில் ஏதேனும் எழுதப்பட்டுக்கொண்டிருந்தால், பாதி எழுதிய ஓலை கிழிந்தது போலாகும்.

கணினி விழிப்பதைப் 'பூட்' என்கிறோம். தன் சப்பாத்தின் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்குதல் என்னும் ஆங்கில வழக்கிலிருந்து வந்த சொல் இது. ஆளியை அழுத்தியதும், தாய்ப்பலகையில் உள்ள சிறு சில்லிலே உறையும் 'பயோஸ்' என்னும் நிரல் முதலில் எழுகிறது. அது உறுப்புகளைச் சோதித்து, வன்தட்டைத் தேடி, விண்டோஸ் முதலிய பணிசெயல் முறைமையை எழுப்பிவிட்டு ஒதுங்குகிறது. ஏறும் வழியில் எந்தப் படியிலே நின்றது என்று கண்டால் நோயிற் பாதி புரிந்துவிடும்.

விளக்கு ஒன்றுமே எரியவில்லையா? சார்ஜரை வேறோர் அறையின் பிளக்கிற் செருகிப் பாருங்கள். பின்னர் சார்ஜரையும் மின்கலத்தையும் கழற்றிவிட்டு, ஆளியை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். இப்போது சார்ஜரை மட்டும் இணைத்து முயலுங்கள். இவ்வளவில் எழுந்துவிடும் கணினிகள் நாம் கண்டவற்றுள் பல. மின்கலம் உப்பியிருந்தால் மட்டும் விளையாட்டு வேண்டாம். அதைக் குத்தவோ அமுக்கவோ கூடாது, தீப்பற்றும்.

விசிறி சுழல்கிறது, திரை மட்டும் இருள் என்றால், டோர்ச் விளக்கைத் திரையிற் சாய்த்துப் பிடித்து உற்று நோக்குங்கள். மங்கலாக உருவம் தெரிந்தால் கணினி விழித்தேயிருக்கிறது; திரையின் பின்னொளிதான் அணைந்தது. உருவமே இல்லையெனில் 'ராம்' நினைவகத்தைச் சந்தேகிக்கலாம். மின்கலத்தை நீக்கி, உலோகமொன்றைத் தொட்டுவிட்டு, அப்பலகையைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்து, மீண்டும் இறுக்கமாகப் பொருத்துங்கள். மலைநாட்டு ஈரக்காற்றுக்கு இந்த வைத்தியம் அடிக்கடி தேவைப்படுகிறது.

வன்தட்டைக் காணவில்லை என்று கணினி சொன்னால், உடனே வன்தட்டைப் பழிக்க வேண்டாம். பயோஸுக்குள் நுழைந்து தேதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் பின்னே போயிருந்தால், தாய்ப்பலகையில் உள்ள நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலம் தீர்ந்திருக்கிறது. அது தீரும்போது தேதியோடு மற்ற அமைப்புகளும் மறந்துபோய், வன்தட்டை அணுகும் முறையே மாறிவிடுவதுண்டு. சிறு மின்கலத்துக்குப் பதிலாக ஒரு வன்தட்டுக்கு விலை கொடுத்தவர்களை நாம் அறிவோம். ஆனால் வன்தட்டிலிருந்து 'டக் டக்' என்ற ஓசை கேட்டால் அக்கணமே நிறுத்திவிடுங்கள். திரும்பத் திரும்ப முயல்வது புண்ணைக் கிளறுவதாகும்.

இனி, முத்திரைச் சின்னம் தோன்றி, வட்டம் சுழன்று சுழன்று, மேலே செல்லாமல் நிற்கும் நிலை. மின்வெட்டினால் வரும் நோய் பெரும்பாலும் இதுவே. நாம் அறிந்த மாணவி ஒருத்தியின் கணினி உயர்தரப் பரீட்சைக்குச் சில வாரங்களுக்கு முன் இவ்வாறு நின்றது. தந்தையார் அதைக் கடையொன்றுக்குக் கொண்டுசென்றார். ஒரே நாளிற் சரியாக்கித் தந்தார்கள். கணினி புதிது போல் ஓடியது. ஈராண்டுக் குறிப்புகளும் பயிற்சி விடைகளும் அதில் இல்லை. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றியிருந்தார்கள். கடைக்காரரை மட்டும் குறை கூறுவதற்கில்லை; எது வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அப்பெண் கொப்பிகளைக் கடன் வாங்கி இரவிரவாக எழுதியதை நாம் பார்த்தோம்.

பழைய தெல்தெனியவை விட்டுப் பெயர்ந்தவர்கள், நீர் ஏறுமுன் தம் உடைமைகளை எடுத்துக்கொண்டே புதிய மனைகளுக்குச் சென்றார்கள். கணினிக்கும் அதுவே முறை. வேறொரு கணினியின் உதவியால் லினக்ஸ் என்னும் இலவசப் பணிசெயல் முறைமையை ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்தது அது. நோயுற்ற கணினியை அந்தப் பென் டிரைவிலிருந்தே விழிக்கச் செய்யலாம். வன்தட்டில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. வன்தட்டு நலமாயிருந்தால் கோப்புகள் கண்ணிற் படும். மற்றொரு பென் டிரைவிற் பிரதி எடுத்துவிடலாம். அதன் பின்னர் விண்டோஸைத் திருத்துவதும் அழிப்பதும் உங்கள் விருப்பம். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. பழைய கணினிகளுட் பல 11-ஐ ஏற்கும் தகுதி அற்றவை. அத்தகையவற்றில் லினக்ஸையே நிலையாகக் குடியமர்த்திவிடலாம் என்பது நம் அபிப்பிராயம்.

இவ்வளவும் செய்ய இயலாதோர் கடைக்கே கொண்டுசெல்லட்டும். செல்லுமுன், எந்தப் படியிலே நின்றது என்பதையும், "உள்ளே உள்ள கோப்புகள் வேண்டும், கேளாமல் அழிக்க வேண்டாம்" என்பதையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மூடியின்மேல் ஒட்டிவிடுங்கள். சிங்களத்திலும் எழுதுங்கள். திருகாணியைக் கழற்றப் போகிறவர் அதைத்தான் முதலில் வாசிப்பார்.