ஒத்துழைக்க வேண்டியது யார்?

"கோஆப்ரேட் பண்ணும்மா!" அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில் அடிக்கடி கேட்கும் அதட்டல் இது. மருத்துவரும் தாயும் ஒத்துழைத்தால்தான் நல்ல பிரசவம் என்று கருத்தரங்குகளில் அழகாகப் பேசுகிறார்கள். அந்த ஒத்துழைப்பு சேரிப் பெண்ணிடம் வந்து சேரும்போது அதற்கு ஒரே பொருள்தான்: கத்தாதே, கேள்வி கேட்காதே, காட்டிய இடத்தில் கைநாட்டு வை.

இருவர் சேர்ந்து செய்தால்தான் அது ஒத்துழைப்பு. ஒருவர் உத்தரவிட்டு இன்னொருவர் அடங்கிப்போவதற்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு. தலைமுறை தலைமுறையாக நாம் அதை அறிவோம்.

தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளிலேயே நடக்கின்றன என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21). பெருமைப்பட வேண்டிய எண்தான். கிராம சுகாதார செவிலியர்கள் வெயிலில் தெருத்தெருவாக நடந்து உருவாக்கிய எண் அது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. மாநிலத்தில் நடக்கும் பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவைசிகிச்சை. தனியாரில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. வாசல்வரை கொண்டுவந்து சேர்த்ததைக் கணக்கெடுக்கிறோம். உள்ளே போன பெண்ணிடம் எதைக் கேட்டார்கள், எதைச் சொன்னார்கள் என்று யார் கணக்கெடுக்கிறார்கள்?

"அப்போ இனிச்சுதா, இப்போ வலிக்குதா?" என்ற வசையைக் கேட்காமல் பிள்ளை பெற்றவர்கள் நம் தெருவில் எத்தனை பேர்? "வாடி, போடி" இல்லாமல்? பிள்ளை ஆணா பெண்ணா என்று சொல்லக் காசு, ஆண் என்றால் கூடுதல் காசு. கேட்காமலே காப்பர்-டி போட்டுவிட்டார்கள் என்று நம் பெண்கள் எத்தனையோ முறை சொல்லிவிட்டார்கள். நல்ல சேலை, நாலு ஆங்கில வார்த்தை, தெரிந்த டாக்டரின் பெயர் இவற்றோடு வருகிறவருக்கு எல்லாம் விளக்கப்படுகிறது. கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மட்டும் "உனக்குச் சொன்னா புரியாது".

உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவகாலப் பராமரிப்பு நெறிமுறை என்ன சொல்கிறது? தாய் விரும்பும் துணை உடனிருக்க வேண்டும். எந்த நிலையில் இருந்து பெறுவது என்பதில் அவளுக்குத் தேர்வு வேண்டும். எல்லோருக்கும் வழக்கமாகப் பிறப்புறுப்பைக் கத்தரிப்பது கூடாது. வயிற்றை அழுத்தித் தள்ளுவதும் கூடாது. இதெல்லாம் மருத்துவ அறிவியல், நம் கோஷமல்ல. பிரசவத் துணையை அரசு மருத்துவமனைகளில் அனுமதிக்க ஒன்றிய அரசே 2016இல் சொல்லிவிட்டது. சேரிப் பெண் இதைக் கேட்டால்தான் அது திமிர் ஆகிறது.

"டாக்டருக்கு நேரமில்லை, நர்ஸுக்கு ஓய்வில்லை" என்பார்கள். உண்மை. தொகுப்பூதியத்தில் செவிலியர்களைக் கசக்கிப் பிழிவது அரசுதான். அவர்கள் போராட்டத்தில் நாமும் நிற்போம். ஆனால் நேரமில்லாதவர் திட்ட மட்டும் எங்கிருந்து நேரம் எடுக்கிறார்? மேலிருப்பவரிடம் வாங்கிய வசவைக் கீழிருப்பவர்மீது இறக்குவதுதான் அண்ணல் அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை. அந்த ஏணியின் கடைசிப் படியில் வலியோடு படுத்திருப்பவள் நம் பெண். அந்த அறையின் ரத்தத்தைக் கழுவுகிறவளும் பெரும்பாலும் நம் பெண்தான்.

இன்னொரு கூட்டம் "பாட்டி காலத்து வீட்டுப் பிரசவமே மேல்" என்கிறது. அவர்களோடு நமக்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. 2018இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே நடத்திய பிரசவத்தில் ஒரு பெண்ணின் உயிர் போனது. இவர்கள் பாடும் பழங்காலத்தில் தொப்புள்கொடி அறுப்பது தீட்டான வேலை. வட இந்தியாவில் பல இடங்களில் அதைத் தலித் பெண்கள்மீது சாதித்தொழிலாகச் சுமத்தினார்கள். நமக்கு மருத்துவமனை வேண்டும், ரத்த வங்கி வேண்டும், மயக்க மருத்துவர் வேண்டும். அவற்றை மானத்தோடு வேண்டும் என்கிறோம். உயிரா மானமா என்று தேர்வு செய்யச் சொல்வதற்கு நீங்கள் யார்?

1928இல் பம்பாய் சட்ட சபையில் பேறுகாலப் பலன் மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றார். 2010இல் இரண்டு ஏழைப் பெண்களுக்காகத் தொடுத்த வழக்குகளில் டெல்லி உயர்நீதிமன்றம், பேறுகாலப் பராமரிப்பு அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உரிமை என்றது. அது பிச்சையும் இல்லை, முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாயோடு முடிந்துபோகும் கணக்கும் இல்லை.

செங்கல்பட்டுப் பகுதியில் 1981இல் தலித் பெண்கள் முன்னின்று தொடங்கிய ரூவ்செக் அமைப்பு வழி காட்டியிருக்கிறது. தங்கள் உடலைப் பற்றித் தாங்களே கற்று, மற்ற பெண்களுக்கும் கற்பித்தார்கள். "சொன்னா புரியாது" என்பதற்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

தாய் இறந்தால் தமிழ்நாட்டில் தணிக்கை நடக்கிறது. குடும்பத்தாரிடம் போய் நடந்ததைக் கேட்கிறார்கள். நல்ல நடைமுறை. செத்த பிறகு கேட்கிறவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவளைக் கேட்டால் என்ன?

நம் கோரிக்கைகள் எளியவை. எதைச் செய்யும் முன்னும் தமிழில், புரியும்படி சொல்லுங்கள். காப்பர்-டி, கருத்தடை பற்றி வலியின் நடுவில் அல்ல, மாதாந்திரப் பரிசோதனையிலேயே பேசுங்கள். வேண்டாம் என்றால் விடுங்கள். அவள் விரும்பும் துணையை உள்ளே விடுங்கள். ஒவ்வொரு மருத்துவமனையின் பிரசவத் தணிக்கையிலும் அங்கே பிள்ளை பெற்ற பெண்களுக்கு இடம் கொடுங்கள், சேரிப் பெண்களுக்கு முதலில். பட்டியல் சாதி, பழங்குடித் தாய்மார்களின் இறப்புக் கணக்கைத் தனியாக வெளியிடுங்கள்.

நம் பெண்கள் இதுவரை ஒத்துழைத்தது போதும். இனி மருத்துவமனை ஒத்துழைக்கட்டும்.

ஜெய்பீம்.