கூட்டுக் கற்றலும் கம்பம் பள்ளத்தாக்கு மாணவரும்

தமிழ் விக்கிமூலத்தின் மெய்ப்புத் திருத்தப்பணி, தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க கணினிவழிக் கூட்டுக் கற்றல் செயற்பாடுகளுள் முதன்மையானது. நூற்பக்கத்தின் படிமமும் எழுத்துணரி தந்த பாடமும் அருகருகே நிற்கும். ஒருவர் திருத்திய பக்கம் மஞ்சள் நிறம் பெறும். அதனை வேறொருவர் சரிபார்த்த பின்னரே பச்சையாகும். சுவடிகளை ஒப்புநோக்கிய பதிப்பாசிரியர்தம் உழைப்பிற்கு இஃதோர் எளிய பயிற்சி எனலாம்.

ஆயின், இதனை எல்லா ஊர்க்கும் ஒரே அச்சில் வார்த்துவிட இயலாது. ஏலத்தோட்ட வேலைக்குக் குமுளி, கம்பம்மெட்டு வழியாக இடுக்கிக்கு விடியலில் ஜீப் ஏறிச் செல்லும் குடும்பங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் பல. அவ்வீட்டு மாணவரைக் குறித்த நேரத்து இணையக் கூட்டத்துக்கு வற்புறுத்தி அழைப்பது பொருந்தாது. திருத்துவோரும் சரிபார்ப்போரும் ஒரே வேளையில் கூட வேண்டாமையே விக்கிமூலத்தின் சிறப்பு. அட்டவணையிட்டு அதனைக் கெடுத்தல் தகாது. கூட்டுக் கற்றலை அளவிறந்து நெறிப்படுத்துவதன் தீங்கினைப் பியேர் தில்லன்பூர்க் 2002இலேயே எடுத்துரைத்தார்.

கைப்பேசியின் சிறுதிரையில் படிமத்தையும் பாடத்தையும் ஒப்பிடுதல் கண்ணுக்கு வதை. திருத்தத்தைக் கல்லூரிக் கணினி ஆய்வகத்துக்கும் கலந்துரையாடலைக் கைப்பேசிக்கும் பிரித்தல் நன்று. வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் மாணவரும் இப்பகுதியில் உளர். லகர, ளகர, ழகர மயக்கம் கருதி அவரை ஒதுக்குதல் பிழை. எழுத்தெழுத்தாக நோக்குபவர்க்கு, பழக்கத்தால் விரைந்து படிப்பவர் தவறவிடும் பிழை புலப்படக்கூடும். இருவகையினரையும் இணையாக்கலாம்.

அகமதிப்பீட்டில் பக்க எண்ணிக்கைக்கே மதிப்பெண் வழங்கினால் சொந்தக் கணினி உடையோரே முந்துவர். ஐயத்திற்குரிய ஓரிடம் பற்றி உரையாடல் பக்கத்தில் காரணங்காட்டி எழுதிய குறிப்பினையும் கணக்கிடல் வேண்டும்.