ஒற்றைத் தோல்வியால் அளக்கலாமோ?

தூத்துக்குடித் தோணிகள் சரக்கேற்றிச் செல்லும் மாலத்தீவை நம் கடற்கரை நன்கறியும். அதன் கால்பந்து வரலாற்றையோ நாம் அறிந்தோமில்லை.

ஆசியக் கோப்பையின் இறுதிச் சுற்றில் 2023 வரை அத்தீவு நாடு ஒருமுறையேனும் இடம்பெற்றதில்லை. 1997இல் உலகக் கோப்பைத் தகுதிப் போட்டியில் ஈரானிடம் 0-17 எனத் தோற்றது. அத்துடன் ஓய்ந்தனரா? இல்லை. 2002 உலகக் கோப்பையில் நான்காமிடம் பெற்ற தென்கொரியாவை 2004இல் மாலேயில் ஒரு கோலும் அடிக்கவிடாமல் சமன் செய்தனர். 2008இல் கொழும்பிலும் 2018இல் டாக்காவிலும் இறுதியாட்டத்தில் நம் இந்தியாவையே வென்று தெற்காசிய வாகை சூடினர். சில இலட்சம் மக்களே வாழும் நாடு அது!

ஆதிச்சநல்லூர் போன்ற சிற்றூர்களிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படியேறும் மாணவர், ஒரு பருவத்தேர்வில் தவறியதும் படிப்பையே துறக்கின்றனர். "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று வீட்டாரும் தீர்ப்பெழுதிவிடுகின்றனர். இஃது 0-17 என்ற ஓர் ஆட்டத்தால் மாலத்தீவை அளப்பதற்கு ஒப்பாகும். அவ்வீழ்ச்சிக்கும் மாலே ஆட்டத்திற்கும் இடையே ஏழாண்டுகள் உள. நம் பிள்ளைகளுக்கு ஓராண்டேனும் தருகிறோமா?

தவறிய பாடத்திற்கு மாலை வகுப்பெடுப்பது ஆசிரியர் கடன்; மறுதேர்வுக் கட்டணத்திற்குக் கைகொடுப்பது ஊர்ப் பெரியோர் கடன்; மீண்டும் எழுதுவது மாணவர் கடன்.